உருக்கிய அரசனும் ஒரு வீட்டுக் கணக்கும்

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐம்பத்தாறு பேரில் ஆலிவர் வால்காட் ஒருவர். கனெக்டிகட்டில் லிட்ச்ஃபீல்ட் என்னும் குன்றூரில் வாழ்ந்தவர். நீதிபதியாகவும் ஊர்ப்படைத் தளபதியாகவும் இருந்து, பின்னாளில் அம்மாநிலத்தின் ஆளுநரானவர். பிரகடனத்தைப் பற்றி எழுதுவோர் ஜெஃபர்சன், ஆடம்ஸ், ஃப்ராங்க்ளின் ஆகியோரைத் தாண்டி இவரிடம் வந்து சேர்வது அரிது. நாமும் இவரைத் தேடிப் போகவில்லை. இவருடைய காகிதங்களுக்கிடையே அகப்பட்ட ஒரு சிறு கணக்கைத் தேடிப் போனபோது வழியில் இவர் எதிர்ப்பட்டார். அக்கணக்கைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

திருமதி மார்வின் – 6,058
ரூத் மார்வின் – 11,592
லாரா வால்காட் – 8,378
மேரி ஆன் வால்காட் – 10,790
ஃப்ரெடரிக் வால்காட் – 936
திருமதி பீச் – 1,802
இன்னும் பலர் செய்தவை – 2,182
அபாய அழைப்பின்போது லிட்ச்ஃபீல்ட் ஊர்ப்படைக்குக் கொடுத்தவை – 50
கர்னல் விகில்ஸ்வொர்த்தின் படைப்பிரிவுக்குக் கொடுத்தவை – 300
ஆகமொத்தம் – 42,088

கூட்டிப் பார்த்தோம். ஒன்றுகூடப் பிசகவில்லை.

இவை யாவும் தோட்டாக்கள். காரீயத்தை உருக்கி உருண்டைக் குண்டுகளாக வார்த்துக் காகிதத்தில் பொதிந்தவை. வார்த்தவர்கள் பெண்களும் சிறுவர்களும். வார்த்த இடம், வால்காட் வீட்டை ஒட்டிய ஆப்பிள் தோட்டத்தில் அதற்கென்றே போடப்பட்ட ஒரு கொட்டகை. உருக்கப்பட்ட காரீயம் இங்கிலாந்தின் அரசர் மூன்றாம் ஜார்ஜ்; அதாவது, நியூயார்க் நகரத்தார் நன்றிப் பெருக்கோடு அவருக்கு எழுப்பிய சிலை.

*

நன்றிக்குக் காரணம் இருந்தது. 1765இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முத்திரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, குடியேற்றங்களில் பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை எல்லாக் காகிதத்துக்கும் வரி போட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே, 1766இல், சட்டம் திரும்பப் பெறப்பட்டது. மகிழ்ச்சியடைந்த நியூயார்க் சட்டமன்றம் இரண்டு சிலைகளுக்குப் பணம் ஒதுக்கியது. ஒன்று அரசருக்கு. மற்றொன்று, சட்டத்தை எதிர்த்துப் பேசிய வில்லியம் பிட்டுக்கு. இரண்டையும் செய்யும் பொறுப்பு லண்டனில் ஜோசப் வில்டன் என்ற சிற்பியிடம் வந்தது.

பிட்டைப் பளிங்கில் செதுக்கினார் வில்டன். அரசரைக் குதிரைமேல் அமர்த்தி, ரோமானிய உடை அணிவித்து, காரீயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசினார். ரோம் நகரில் இன்றும் நிற்கும் மார்க்கஸ் அரேலியஸின் குதிரைச் சிலைதான் அதற்கு முன்மாதிரி. ஆனால் ரோமானியப் பேரரசர் வெண்கலத்தால் ஆனவர். ஜார்ஜ் அரசரோ வெளியே பொன், உள்ளே ஈயம். ‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்று நம் பழமொழி ஈயத்தை உலோகங்களின் வரிசையில் எங்கே வைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். இந்த உலோகத் தேர்வு பின்னால் எவ்வளவு பெரிய விஷயமாகப் போகிறது என்பதைச் சிற்பியோ பணம் கொடுத்தவர்களோ அன்று நினைத்திருக்க மாட்டார்கள்.

1770 ஆகஸ்டில் மன்ஹாட்டன் தீவின் தென்முனையிலுள்ள பௌலிங் கிரீன் புல்வெளியில், உயர்ந்த பளிங்குப் பீடத்தின்மேல் சிலை நிறுவப்பட்டது. பீரங்கிகள் முழங்கின. மறு ஆண்டே, 1771இல், புல்வெளியைச் சுற்றி இரும்பு வேலி போட வேண்டியதாயிற்று. அரசருக்கு நன்றி சொன்ன ஊருக்கும் அவருக்கும் இடையே அதற்குள் உறவு கசக்கத் தொடங்கியிருந்தது.

ஆறே ஆண்டுகள். 1776 ஜூலை 9ஆம் தேதி மாலை, நியூயார்க்கில் முகாமிட்டிருந்த வாஷிங்டனின் படையினர் முன்னால் சுதந்திரப் பிரகடனம் உரக்க வாசிக்கப்பட்டது. அரசர் இழைத்த கொடுமைகளை ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்லும் ஆவணம் அது. கேட்டு முடித்த வீரர்களும் நகர மக்களும் கூட்டமாகப் பௌலிங் கிரீனுக்குப் போனார்கள். கயிறு கட்டி இழுத்தார்கள். குதிரையும் அரசரும் தரையில் விழுந்தனர். வேலித் தூண்களின் உச்சியில் இருந்த அலங்காரங்களையும் அறுத்தெடுத்தார்கள். அந்த வேலி இன்றும் அங்கேயே நிற்கிறது.

வாஷிங்டனுக்கு இது உவப்பாக இல்லை. மறுநாள் படைக்கு விடுத்த ஆணையில், செய்தவர்களின் நோக்கம் பொதுநலத்தில் கொண்ட ஆர்வமே என்றாலும், இது கலவரத்தின் சாயல் கொண்டது, இத்தகைய காரியங்களை உரிய அதிகாரிகளிடம் விட்டுவிட வேண்டும் என்று கண்டித்தார். அதே நாளில் ஐசக் பாங்ஸ் என்ற இளம் படை அதிகாரி தம் நாட்குறிப்பில் வேறு விதமாக எழுதினார். சிலையில் 4,000 பவுண்டு காரீயம் இருந்தது, மேற்பூச்சிலிருந்து பத்து அவுன்ஸ் பொன் சுரண்டித் தர ஒருவர் முன்வந்தார், காரீயம் துப்பாக்கிக் குண்டுகளாக வார்க்கப்படப் போவதாகக் கேள்வி என்பது அவர் தரும் செய்தி. தளபதி ஒழுங்கைப் பற்றிக் கவலைப்பட்டார். கீழிருந்த அதிகாரி எடையைக் குறித்துக்கொண்டார்.

எடையைக் குறித்ததற்குத் தேவை இருந்தது. போர் மூண்டிருந்த அந்நாட்டில் வெடிமருந்தும் இல்லை, குண்டுக்கு ஈயமும் இல்லை. இரண்டும் அதுவரை பெரும்பாலும் கடல்கடந்து வந்தவை. அவற்றை அனுப்பிய நாட்டோடுதான் இப்போது போர். நியூயார்க்கில் அந்தக் கோடையில் வீடு வீடாகப் போய், மேலும் கீழும் நகரும் சன்னல்களுக்குள் எடைக்காகத் தொங்கவிட்டிருந்த ஈயக் கட்டிகளைக் கழற்றிச் சேகரித்தார்கள். சன்னல் எடையைக்கூட விட்டுவைக்காத ஊரில், 4,000 பவுண்டு ஈயம் குதிரைமேல் ஏறி நடுவீதியில் உட்கார்ந்திருந்தது.

*

தலை மட்டும் தனி வழி போயிற்று. உடலிலிருந்து வெட்டி, மூக்கைச் சிதைத்து, மன்ஹாட்டனின் வடக்கேயிருந்த கோட்டையில் கழுவேற்றி வைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் படையின் பொறியாளர் ஜான் மாண்ட்ரசர் ஆள் அனுப்பி, தலை வைக்கப்பட்டிருந்த மதுக்கடையிலிருந்து அதைத் திருடச் செய்து புதைத்துவைத்தார். பின்னர் நகரம் பிரிட்டிஷார் கைக்கு வந்ததும் தோண்டியெடுத்து, குடியேற்றத்தாரின் நன்றிகெட்டதனத்துக்குச் சான்றாக இங்கிலாந்துக்கு அனுப்பினார். மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் 1777இல் லண்டனில் டவுன்ஷெண்ட் பிரபுவின் வீட்டில் அதைக் கண்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதன் பிறகு அத்தலை வரலாற்றிலிருந்து மறைந்துவிடுகிறது.

எஞ்சிய உடலும் குதிரையும் துண்டுகளாக்கப்பட்டு, நீர்வழியே கனெக்டிகட்டின் நார்வாக் கரைக்குச் சென்றன. அங்கிருந்து மாட்டுவண்டிகளில் ஏறி வடக்கே லிட்ச்ஃபீல்டுக்குப் புறப்பட்டன. ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்கத் தோன்றும். நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. நகரம் சில வாரங்களில் வீழ்ந்தும்விட்டது. லிட்ச்ஃபீல்ட் கடலிலிருந்து உள்ளடங்கிய மேட்டுநிலம். பீரங்கிக் கப்பல் எட்டாத இடம்.

வழியில் வில்டன் என்றொரு ஊர். சிற்பியின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றானது தற்செயல்தான். அவ்வூரில் அரசருக்கு விசுவாசமானவர்கள் இருந்தார்கள். வண்டிகள் தங்கிய வேளையில் சில துண்டுகளை அவர்கள் களவாடிச் சதுப்பிலும் வயலிலும் புதைத்ததாக ஊர்மரபு சொல்கிறது. 1871இல் அவ்வூர்ச் சதுப்பு நிலத்திலிருந்து குதிரையின் வாலும் வேறு சில துண்டுகளும் வெளிப்பட்டபோது அந்த மரபு உண்மையாயிற்று. அவை நியூயார்க் ஹிஸ்டாரிக்கல் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1991இல் அதே ஊரில் அரசரின் கை ஒன்று முழங்கை வரை மண்ணிலிருந்து கிடைத்தது. 2019இல் அது இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

மிச்சமெல்லாம் லிட்ச்ஃபீல்ட் போய்ச் சேர்ந்தது. வால்காட்டின் மகன் ஃப்ரெடரிக் அன்று சிறுவன். முதுமையில் நீதிபதியாக இருந்தபோது அவர் நினைவுகூர்ந்தது இது: ஆப்பிள் தோட்டத்தில் கொட்டகை போடப்பட்டது, தந்தை விறகு பிளக்கும் கோடரியால் சிலையைப் பிளந்தார், பெண்பிள்ளைகள் குண்டு வார்த்துத் தோட்டா சுற்றுவதில் ஒரே கும்மாளமாக இருந்தார்கள்.

*

விறகுக் கோடரியால் பிளக்கவும் வீட்டுத் தோட்டத்தில் உருக்கவும் முடிந்ததற்கு ஒரே காரணம், அது காரீயம். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். இரும்புக்கு 1,500ஐத் தாண்ட வேண்டும். காரீயம் 327 டிகிரியிலேயே இளகி ஓடும். சமையல் விறகடுப்பின் கனலே அதற்குப் போதும். ஜார்ஜ் அரசர் மார்க்கஸ் அரேலியஸைப் போல வெண்கலமாக இருந்திருந்தால் உலைக்களமும் துருத்தியும் கைதேர்ந்த கன்னாரும் தேவைப்பட்டிருப்பார்கள். பிட்டைப் போலப் பளிங்காக இருந்திருந்தால் எவருக்கும் பயன்பட்டிருக்க மாட்டார். (பிட்டின் சிலையைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கள் பங்குக்குத் தலையும் கையும் உடைத்துப் பழிதீர்த்துக்கொண்டார்கள்.) ஈயமாக இருந்ததால்தான் போர்த்தொழிலின் ஒரு பகுதி பெண்களின் கைக்கு வந்தது.

தமிழில் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களைத் தாங்கி நிற்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். துப்பாக்கிக்குப் போவது காரீயம். முன்னது உணவுக்கு உகந்தது, பின்னது நஞ்சு. இதற்குப் பிறகு வருவோம்.

அக்காலத்துத் துப்பாக்கிகள் வாய்வழியே மருந்து கெட்டிப்பவை. குழலின் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டைப் போட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்கிய பிறகே சுட முடியும். எனவே குண்டு குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் முக்கால் அங்குல விட்டம். அதற்கான குண்டு ஏறத்தாழ 0.69 அங்குலம். கருமருந்து எரிந்து படியும் கரி குழலைச் சுருக்கிக்கொண்டே வரும் என்பதால் இந்த இடைவெளி. சிறிதானால் குறி தவறும், பெரிதானால் பாதியில் சிக்கும். அளவு மாறாமல் வார்ப்பதே இத்தொழிலின் உயிர்.

துப்பாக்கியின் அளவையே குண்டின் எண்ணிக்கையால் சொல்லும் வழக்கம் இங்கிருந்துதான் வந்தது. ஒரு பவுண்டு காரீயத்தைச் சம எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்றின் விட்டம் எவ்வளவோ, அவ்வளவு குழலுடையது பன்னிரண்டு போர் துப்பாக்கி. நம் ஊர்ப்பக்கம் பண்ணை வீடுகளிலும் வங்கி வாசல்களிலும் ‘ட்வெல் போர்’ என்று சொல்லக் கேட்டிருப்போம். அந்தப் பன்னிரண்டு, யாரோ அடுப்பங்கரையில் ஒரு பவுண்டு ஈயத்தைப் பங்கிட்ட கணக்கு.

குண்டு வார்க்கும் அச்சு நம் பாக்குவெட்டியை ஒத்தது. இரண்டு கைப்பிடிகள், ஒரு முனையில் கீல். அலகுகள் இருக்க வேண்டிய இடத்தில் எதிரெதிரே இரண்டு அரைக்கோளக் குழிகள். மூடினால் உள்ளே ஒரு கோளம், மேலே ஈயம் ஊற்ற ஒரு துளை. இரும்பிலும் பித்தளையிலும் செய்ததுண்டு, மாக்கல்லில் குடைந்ததும் உண்டு. படைத்தேவைக்கு ஒரே தடவையில் பல குண்டு வார்க்கும் நீள அச்சுகளும் இருந்தன.

இரும்புச் சட்டியில் ஈயத் துண்டுகளைப் போட்டு அடுப்பேற்றுவார்கள். உருகியதும் மேலே சாம்பல் நிறத்தில் கசடு திரளும். சிறு துண்டு கொழுப்போ தேன்மெழுகோ போட்டுக் கிளறினால் கசடு பிரிந்து மிதக்கும். அதைக் கரண்டியால் வழித்தெடுத்தால் அடியில் வெள்ளி போல் பளபளக்கும் ஈயம். அதைச் சிறு கரண்டியில் மொண்டு அச்சின் துளையில் தடையின்றி ஊற்ற வேண்டும். இடையில் நின்றால் குண்டுக்குள் பொத்தல் விழும். சில நொடிகளில் உறைந்துவிடும். அச்சைத் திறந்து தட்டினால் குண்டு உதிரும், பழத்தில் காம்பு போல மேலே ஒரு நீட்சியோடு. அந்தக் காம்பை நறுக்கிச் சட்டியிலேயே போட்டுவிடுவார்கள்.

அச்சு சூடேறாத வரை முதலில் விழும் குண்டுகள் சுருக்கம் விழுந்து கோணலாக வரும். அவையும் சட்டிக்கே திரும்பும். முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்வதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அச்சு மிகச் சூடாகிவிட்டாலோ குண்டின் பளபளப்பு போய்ப் பனி படிந்தாற்போல் மங்கும். சற்று ஆறவிட வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது ஈரம். நனைந்த கரண்டியோ ஈரத்துண்டோ உருகிய ஈயத்துக்குள் இறங்கினால் நீர் ஒரு கணத்தில் ஆவியாகிச் சீறும். சட்டியிலுள்ளதை வாரி முகத்தில் அடிக்கும்.

பிறகு தோட்டா. ஒரு மரக்குச்சியின்மேல் காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி, ஒரு முனையில் குண்டை வைத்துக் கட்டி, அளந்த மருந்தைக் கொட்டி மறுமுனையை மடிக்க வேண்டும். களத்தில் சிப்பாய் அம்முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு சேர்த்து இடித்து இறக்குவான்.

சூட்டைக் கணிப்பது, கசடு வழிப்பது, ஊற்றும் பதம் அறிவது, ஒரே அளவாகச் சுருட்டி அடுக்குவது. இவற்றுள் எதுவும் அடுப்பங்கரைக்குப் புறம்பான திறமை அன்று.

*

கணக்குக்குத் திரும்புவோம். பெயர் சொல்லப்பட்ட ஐந்து பெண்கள் செய்தவற்றை மட்டும் கூட்டினால் 38,620 வருகிறது. மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். ரூத் மார்வினின் 11,592தான் எல்லாவற்றிலும் பெரிய எண். ஒற்றைக்குழி அச்சில் நிமிடத்துக்கு இரண்டு குண்டு வார்க்கலாம் என்று வைத்துக்கொண்டால், அவருடைய பங்குக்கு வார்ப்பு மட்டுமே 96 மணி நேரத்தைத் தாண்டும். நிமிடத்துக்கு ஒரு தோட்டா சுற்றினால் அதற்கு மேலும் 193 மணி நேரம். இவை நம் ஊகக் கணக்குகள்தாம். ஆனால் நினைவில் கும்மாளமாகத் தங்கிய ஒன்று கைகளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று அளக்க உதவுகின்றன.

எடையையும் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கர் கையில் பிரிட்டிஷ் அளவுத் துப்பாக்கிகளும் இருந்தன, அதைவிடச் சிறிய பிரெஞ்சு அளவும் புழங்கிற்று. முதல் அளவில் ஒரு பவுண்டுக்குப் பதினான்குக்குச் சற்று மேல், இரண்டாவதில் பதினெட்டுக்கு மேல். அதன்படி 42,088 குண்டுகளுக்கு ஏறத்தாழ 2,250 முதல் 2,950 பவுண்டு வரை ஈயம் வேண்டும். பாங்ஸ் சொன்ன 4,000 பவுண்டில் ஆயிரத்துக்கும் குறையாமல் துண்டு விழுகிறது. அதில் ஒரு பகுதி லண்டனுக்குப் போன தலை, ஒரு பகுதி வில்டன் சதுப்பில் கிடந்த வால், ஒரு பகுதி கசடு. இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு வீட்டுக் கணக்கும் மண்ணிலிருந்து கிடைத்த துண்டுகளும் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன.

சிலை வீழ்ந்த காட்சியைப் பின்னாளில் ஓவியர்கள் திரும்பத் திரும்பத் தீட்டினார்கள். 1850களில் யோஹான்னஸ் ஊர்ட்டெல் தீட்டியது புகழ்பெற்றது. அந்த அந்தி நேரம் புத்தகங்களில் பலமுறை அச்சேறியது. லிட்ச்ஃபீல்ட் கொட்டகைக்கு அத்தகைய புகழ் இல்லை. கயிற்றை இழுத்துச் சிலையைச் சாய்ப்பது ஒரு மாலை வேலை. அதன் பொருள் அங்கேயே முடிந்துவிட்டது போலவும் தோன்றும். ஆனால் விழுந்த சிலை, விழுந்த இடத்தில் கிடக்கும்வரை சிலையே. மறுபடி நிமிர்த்தி வைக்கலாம். பழுது பார்க்கலாம். தலையைத் திருடிக்கொண்டு போன மாண்ட்ரசருக்கும் ஈயத்தைப் புதைத்து வைத்த வில்டன் விசுவாசிகளுக்கும் அந்த நினைப்பு இருந்திருக்க வேண்டும். அரசரை மீண்டும் அரசராக ஆக்க முடியாதபடி செய்தது கொட்டகை. ஒரு குதிரையை, ஒரு மேலாடையை, ஒரு தோளை எடுத்து, ஒன்றுக்கொன்று வேற்றுமை தெரியாத 42,088 உருண்டைகளாக ஆக்கியது.

இவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைத்ததும் தற்செயலே. பெண்களின் வீட்டு உழைப்பை எவரும் எண்ணுவதில்லை. எத்தனை ரொட்டி சுட்டார்கள், எத்தனை முழம் நூற்றார்கள் என்று ரூத் மார்வினுக்கு வேறு கணக்கு எவரும் எழுதி வைக்கவில்லை. குண்டு பொதுப்பொருள், படைக்குக் கணக்குக் காட்ட வேண்டியது என்பதால் இது எண்ணப்பட்டது. அப்போதும் 2,182 தோட்டாக்கள் ‘பலர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போயின. அண்டை வீட்டார், வேலையாட்கள், யாராகவும் இருக்கலாம். அன்றைய கனெக்டிகட்டில் அடிமை முறை சட்டபூர்வமாக இருந்தது. படிப்படியாக விடுவிக்கும் சட்டம் 1784இல் வந்தது. முற்றாக ஒழிந்தது 1848இல். சுதந்திரத்துக்கான குண்டுகளின் கணக்கில் பெயரற்ற வரி ஒன்று இருப்பதை அந்தப் பின்னணியில் வைத்தே நாம் வாசிக்க வேண்டும்.

*

நஞ்சைப் பற்றிச் சொல்வதாக இருந்தோம்.

காரீயத்தின் கசடும் தூசும் கைவழியாக வாய்க்குப் போகின்றன. உடலில் எலும்போடு எலும்பாகத் தங்குகின்றன. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கிறது என்பதும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதும் இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அன்றைக்கு இது அறவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஈயக் குழாய் வைத்துச் சாராயம் காய்ச்சுவதை மாசசூசெட்ஸ் 1723லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. பிரகடனத்தில் வால்காட்டோடு கையெழுத்திட்ட ஃப்ராங்க்ளின், அச்சுக்கூட வேலையில் சூடேற்றிய ஈய எழுத்துகளைக் கையாண்டவர்களுக்கு வந்த கைநடுக்கத்தையும் வலியையும் பற்றி 1786இல் நண்பருக்கு நீண்ட கடிதமே எழுதினார். அறிவு இருந்தது. அது ஆப்பிள் தோட்டம் வரை வரவில்லை, அவ்வளவுதான்.

மேரி ஆனுக்கு அந்தக் கோடையில் பதினொரு வயது. அவர் கணக்கில் 10,790. தம்பி ஃப்ரெடரிக் அவரினும் இளையவன். எட்டைத் தாண்டியிருந்தான், ஒன்பது நிரம்பவில்லை. அவன் கணக்கில் 936. குழந்தைகள் விளையாட்டாகச் செய்தார்கள் என்று நினைவுக்குறிப்பு சொல்கிறது. நாம் அதை நம்புகிறோம். தோட்டத்தில் தீ மூட்டி, பெரியவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து, திரவம் உருண்டையாவதைப் பார்ப்பதில் எந்தக் குழந்தைக்கும் மகிழ்ச்சி இருக்கும். ஆனால் மென்மையான ஈயக் குண்டு உடலில் பாயும்போது நசுங்கி விரியும். எலும்பைத் துளைக்காமல் நொறுக்கும். கையும் காலும் வெட்டி எடுப்பதே பெரும்பாலும் அதற்கு வைத்தியம். 936இல் எத்தனை வீணாயின, எத்தனை மரத்தில் தைத்தன, எத்தனை மனிதர்மேல் பட்டன என்பதைக் கணக்கு சொல்வதில்லை. சென்ற இடம் குறிக்கப்பட்டவை ஊர்ப்படைக்கான 50ம் விகில்ஸ்வொர்த்தின் 300ம் மட்டுமே. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களும் பெரும்பாலும் கூலிக்குச் சேர்ந்த ஏழைகள். அவர்களுடைய அரசரின் ஈயமே அவர்களை நோக்கிப் பறந்து வரப்போகிறது என்ற நகைச்சுவை அந்தக் கோடையிலேயே அமெரிக்கர் கடிதங்களில் வந்துவிட்டது.

வீட்டில் குண்டு வார்க்கும் தொழில் மெல்ல மறைந்தது. 1782இல் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் உயரத்திலிருந்து உருகிய ஈயத்தைச் சொட்டவிட்டு ரவைகள் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ரவை உற்பத்தி கோபுர ஆலைகளுக்குப் போயிற்று. அடுத்த நூற்றாண்டில் நீள்வடிவ மினியே குண்டும், பின்புறம் நிரப்பும் உலோகத் தோட்டாவும் வந்து உருண்டைக் குண்டின் காலத்தை முடித்தன. இன்று பழந்துப்பாக்கி ஆர்வலர்கள் சிலர் பொழுதுபோக்காக அதே பாக்குவெட்டி அச்சில் வார்க்கிறார்கள். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம் என்று ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்கிறார்கள்.

மேரி ஆன் வளர்ந்து, அழகுக்கும் அறிவுக்கும் பெயர்பெற்ற பெண்மணியானார். 1789இல் ரால்ஃப் ஏர்ல் என்ற ஓவியர் அவரைத் தீட்டினார். அப்படம் லிட்ச்ஃபீல்டிலேயே இருக்கிறது. நாம் அதன் பிரதியைத்தான் பார்த்திருக்கிறோம். பார்க்கும்போதெல்லாம் கண் முகத்தில் நிற்காமல் கைகளுக்கே போகிறது. படம் தீட்டப்படுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், அந்தக் கைகள் ஒரு கரண்டியைப் பிடித்திருந்தன. 10,790 தடவை.